அப்பாவுக்கு மூக்குக் குழாய் போட்டு 5 வாரம் ஆகிறது, வயிற்றில் குழாய் வைக்கச் சொல்கிறார்கள், சம்மதிக்கலாமா?

காவிரிக்கரை எழுதியது:

வணக்கம். அப்பாவுக்கு 69 வயது. 5 வாரத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறுகிறது, ஆனால் நாங்கள் பேசுவது நன்றாகப் புரிகிறது. வாயால் கொடுத்தால் புரையேறுகிறது என்று ஆஸ்பத்திரியிலேயே மூக்கு வழியாக ரைல்ஸ் ட்யூப் போட்டுவிட்டார்கள். 12-வது நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது ஒரு நர்ஸ் பத்து நிமிஷம் செய்து காட்டினார், எங்களுக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான்.

நானும் அம்மாவும்தான் பார்த்துக்கொள்கிறோம். காலை 6 மணியிலிருந்து இரவு 9 மணிவரை 6 வேளை, வேளைக்கு 200 மில்லி. இரண்டு வேளை பால் (சரிபாதி தண்ணீர் கலந்து), இரண்டு வேளை அரிசிக் கஞ்சி, ஒரு வேளை கேழ்வரகுக் கஞ்சி, ஒரு வேளை இளநீர். கெட்டியாக இருந்தால் குழாய் அடைத்துக்கொள்கிறது, அதனால் நீர்க்கத்தான் காய்ச்சுகிறேன். சிரிஞ்சில் எடுத்துத் தள்ளினால் 5 நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் கொஞ்ச நேரத்தில் இருமல் வருகிறது, சில நாள் கஞ்சி வாய்க்கே வந்துவிடுகிறது. 61 கிலோ இருந்தவர் இப்போது 56. சர்க்கரைக்குக் காலையும் இரவும் இன்சுலின் போடுகிறோம்.

இடது கை நன்றாக வேலை செய்கிறது, அதுதான் இப்போது பிரச்சினை. தூக்கத்தில் இரண்டு தடவை குழாயைப் பிடுங்கிவிட்டார். இரண்டு தடவையும் விடியற்காலையில் ஆட்டோ பிடித்துப் போய் மறுபடி போட்டுக்கொண்டு வந்தோம், போடும்போது அவர் படுகிற பாட்டைப் பக்கத்தில் நின்று பார்க்க முடியவில்லை. இனி வயிற்றில் துளை போட்டு பெக் என்கிற குழாயை வைத்துவிடலாம் என்று டாக்டர் சொல்கிறார். அத்தை (அப்பாவின் அக்கா) ஒத்துக்கொள்ளவே இல்லை, 'வயித்தைக் கிழிச்சா அப்புறம் எழுந்திருக்கவே மாட்டான்' என்று தினமும் போனில் அழுகிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருவரும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒளிந்து சாப்பிடுகிறோம். தாளிக்கிற வாசனை போனாலே அப்பா தலையைத் திருப்பிப் பார்க்கிறார். இதையெல்லாம் கடந்து வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.


பழைய வார்டு அக்கா எழுதியது:

அம்மா, நான் 31 வருஷம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள், அதில் பாதிக்கு மேல் நரம்பியல் வார்டில். பெக் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், இன்றைக்கு ராத்திரியே மாற்ற வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில் சிரிஞ்சை வைத்துத் தள்ளுவதை நிறுத்துங்கள். 50 மில்லி சிரிஞ்சின் உள்தண்டை உருவிவிட்டு, வெறும் குழலைக் குழாயில் மாட்டி, அவர் தலைக்குக் கொஞ்சம் மேலே பிடித்துக்கொண்டு ஊற்றுங்கள், தானாக இறங்கட்டும். 200 மில்லி இறங்க 15, 20 நிமிஷம் ஆக வேண்டும். வேகமாகப் போனால் கையை இறக்குங்கள், மெதுவானால் உயர்த்துங்கள். 5 நிமிஷத்தில் தள்ளினால் வயிறு தாங்காது, மேலே ஏறி வரத்தான் செய்யும். அப்பாவின் இருமலில் பாதி இதனால் இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

அடுத்தது அவர் உட்காரும் கோணம். தலையணையை அடுக்கினால் கழுத்து மட்டும்தான் மடங்கும், உடம்பு சறுக்கிக் கீழே போய்விடும், வயிறு அமுங்கும். இடுப்பிலிருந்து முதுகு முழுவதும் 45 டிகிரிக்கு நிமிர்ந்திருக்க வேண்டும். வாடகைக்குக் கிடைக்கிற, தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில் ஒன்று எடுத்துவிடுங்கள், முதுகு பிழைக்கும், உங்களுடையதும் சேர்த்து. கொடுத்து முடித்து ஒரு மணி நேரம் படுக்க வைக்காதீர்கள். டயப்பர் மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது, பிசியோ எல்லாவற்றையும் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். பலர் வீட்டில் இது தலைகீழாக நடக்கும், கஞ்சி கொடுத்த கையோடு புரட்டுவார்கள், அப்படியே வாந்தி வரும்.

ஒவ்வொரு தடவையும் ஊற்றுவதற்கு முன் குழாய் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். மூக்கு நுனியில் குழாயின் எந்தச் சென்டிமீட்டர் குறி இருக்கிறது என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். அது நகர்ந்திருந்தால் கொடுக்கக் கூடாது. குழாயிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, அமிலத்தன்மை காட்டும் பி.எச். தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், 5.5 அல்லது அதற்குக் கீழே காட்டினால் வயிற்றில் இருக்கிறது. அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கொஞ்சம் கூடக் காட்டும், அதையும் மனசில் வையுங்கள். காற்றை அடித்து ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்கிற பழைய வழியை நானே பல வருஷம் செய்திருக்கிறேன், அதை நம்ப முடியாது, நுரையீரலில் இருந்தாலும் அதே சத்தம் கேட்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு வேளை பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

இப்போது இன்சுலின். இதை அம்மாவையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். குழாய் சரியாக இருக்கிறது, சாப்பாடு தயாராக இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் ஊசி. இரவு ஊசி போட்ட பிறகு அவர் குழாயைப் பிடுங்கிவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சர்க்கரை இறங்கும், உள்ளே அனுப்ப வழி இருக்காது. உடனே விரலில் குத்திப் பார்த்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள், பதற்றத்தில் வாயில் எதையும் ஊற்றிவிடாதீர்கள்.

மாத்திரை விஷயம் நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பேருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர். என்று போட்டிருந்தால் பொடிக்கக் கூடாது, நாள் முழுக்க மெல்ல மெல்ல இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். அமிலம் குறைக்கும் பான்டோப்ரசோலும், பூச்சு போட்ட ஆஸ்பிரினும் பொடிப்பதற்கில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு போய் 'குழாயில் கொடுக்கிறோம், மாற்று எழுதிக் கொடுங்கள்' என்று டாக்டரிடம் கேளுங்கள். பொடிக்கக் கூடியதை ஒவ்வொன்றாகப் பொடித்து, ஒவ்வொன்றையும் தண்ணீரில் கரைத்து, நடுவில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொடுக்க வேண்டும், கஞ்சியோடு கலக்காதீர்கள். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர். இதைத் தவறாமல் செய்தாலே பாதி அடைப்பு வராது. அடைத்துவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரை மெல்லத் தள்ளி இழுத்து, கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். கம்பி எதையும் உள்ளே விடாதீர்கள்.

பிடுங்குவதற்குக் காரணம் இருக்கும். மூக்கு ஓரத்தில் புண் இருக்கிறதா, பிளாஸ்டர் இழுக்கிறதா என்று பாருங்கள். பிளாஸ்டரைத் தினமும் மாற்றி, குழாயைக் கன்னத்தில் ஒட்டி, காதுக்குப் பின்னால் கொண்டுபோய், முதுகுப் பக்கம் சட்டைக்குள் விடுங்கள், கண்ணெதிரே தொங்கினால் கை போகத்தான் செய்யும். இரவில் இடது கைக்குத் துணிக் கையுறை போடலாம், கையைக் கட்டிலில் கட்ட வேண்டாம். அப்புறம் வாய். வாயால் சாப்பிடாதவருக்குத்தான் வாய் சீக்கிரம் கெடும். மெல்லிய பிரஷால் காலையும் இரவும் பல், நாக்கு, மேல் அண்ணம் எல்லாம் துடையுங்கள். அழுக்கு எச்சில் நுரையீரலுக்குப் போய்த்தான் நிமோனியா வருகிறது. எச்சில் புரையேறுவதை மூக்குக் குழாயும் தடுக்காது, பெக்கும் தடுக்காது. காய்ச்சல், மூச்சு வாங்கல், நெஞ்சில் கரகரப்பு இதில் எது வந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்.

சரி, பெக். பக்கவாதம் வந்த முதல் இரண்டு மூன்று வாரம் மூக்குக் குழாயே மேல் என்று ஃபுட் என்ற பெரிய ஆய்வு 2005-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 4 வாரத்துக்கு மேலும் குழாய் தேவைப்படும் என்று தெரிந்தால் பெக் யோசிப்பதுதான் வழக்கம், அதனால் உங்கள் டாக்டர் சொல்வதில் அவசரம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்பதை நரம்பியல் டாக்டர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். விழுங்குவதைப் பரிசோதிக்கும் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரிடமும் காட்டுங்கள், விழுங்கும் சக்தி பலருக்குத் திரும்பி வருவதை நானே பார்த்திருக்கிறேன், அப்போது பெக்கை எடுத்துவிடலாம்.

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவத்தில் அப்பா பெயரைப் பதிவு செய்யுங்கள். 2021-ல் தொடங்கிய திட்டம், வீட்டுக்கே பிசியோவும் நோய்த்தணிப்பு செவிலியரும் வருவார்கள். குழாய் மாற்றித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள், அந்த ஆட்டோ அலைச்சலாவது குறையும்.


தாமிரபரணி எழுதியது:

சகோதரி, என் மனைவிக்குக் கழுத்தில் கதிர்வீச்சு கொடுத்த பிறகு விழுங்க முடியாமல் போய், 2 வருஷம் 4 மாசம் பெக் வைத்துப் பார்த்துக்கொண்டேன். உங்கள் அத்தையிடம் இதை மட்டும் சொல்லுங்கள், வயிற்றைக் கிழிக்க மாட்டார்கள். எண்டோஸ்கோப்பியை வாய் வழியாக விட்டு, உள்ளே வெளிச்சம் காட்டி இடம் பார்த்து, வெளியிலிருந்து சின்னத் துளை போட்டுக் குழாயை இழுத்து வைக்கிறார்கள். அமெரிக்காவில் கிளீவ்லாந்தில் 1979-ல் முதன்முதலில் செய்தார்களாம். என் மனைவிக்கு அரை மணி நேரம் ஆனது. குழாய் ஒரு பென்சில் தடிமன் இருக்கும். மூக்குக் குழாயைவிட அகலம், அதனால் கஞ்சி கொஞ்சம் கெட்டியாக இருந்தாலும் போகும்.

பெக் வந்த பிறகு எங்கள் வீட்டில் மாறியது அவள் முகம்தான். முகத்தில் பிளாஸ்டர் இல்லை, மூக்கில் ஒன்றும் தொங்கவில்லை, சேலை கட்டினால் வெளியே தெரியாது. பேத்தி முதலில் பாட்டியிடம் வரவே பயப்படுவாள், பெக் போட்ட வாரம் மடியில் வந்து உட்கார்ந்தாள்.

கஷ்டமும் இருந்தது, மறைக்க மாட்டேன். முதல் இரண்டு வாரம் துளையைச் சுற்றி நீர் மாதிரிக் கசிந்தது. ஓரத்தில் சிவப்பாகச் சதை வளர்ந்து, தொட்டால் ரத்தம் வந்தது, டாக்டர் மருந்து வைத்துக் கரைத்தார். துளை ஆறிய பிறகு குழாயைத் தினமும் ஒரு சுற்று சுற்றி, வாரம் ஒரு தடவை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வெளியே இழுத்து வைக்கச் சொன்னார்கள். நான் நடுவில் ஒரு மாசம் அதை விட்டுவிட்டேன், வலிக்குமோ என்ற பயம்தான். குழாய் நழுவாமல் உள்ளே பிடித்திருக்கிற வட்டு வயிற்றுச் சதையில் பதிய ஆரம்பித்துவிட்டது. நல்ல வேளையாகச் சீக்கிரம் கண்டுபிடித்தார்கள். வெளி வட்டு தோலை இறுக்கக் கூடாது, அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். சுத்தம் செய்ய சோப்பும் தண்ணீரும் போதும், ஆறிய பிறகு குளிக்கலாம், துடைத்து உலர்த்திவிட வேண்டும்.

பெக் கழன்று விழுந்தால் எடுத்து வைத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், சில மணி நேரத்திலேயே துளை சுருங்கும். எங்களுக்கு ஒரு இரவு 11 மணிக்கு வந்துவிட்டது. அவசரப் பிரிவில் அந்த வழி மூடாமல் இருக்க வேறொரு குழாயைத் தற்காலிகமாக வைத்தார்கள். போட்ட முதல் மாசத்துக்குள் விழுந்தால் இன்னும் ஆபத்து, துளை ஆறியிருக்காது, நீங்களாக எதையும் திருப்பிச் செருகாதீர்கள். உங்கள் அப்பா பிடுங்குகிறவர், அதனால் பெக் போட்ட பிறகும் மேலே வயிற்றைச் சுற்றிக் கட்டும் துணிப்பட்டை அவசியம்.

அப்புறம் ஒளிந்து சாப்பிடுவது. நாங்களும் அப்படித்தான் செய்தோம். ஒரு நாள் அவளே ஒரு தாளில் எழுதிக் காட்டினாள், 'நீங்க எல்லாரும் என்னை விட்டுட்டுச் சாப்பிடுறது பசியைவிடக் கஷ்டமா இருக்கு' என்று. அதற்குப் பிறகு அவள் சிரிஞ்சில் ஊற்றுகிற நேரத்தில்தான் நானும் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவேன்.


உணவியல் மதி எழுதியது:

காவிரிக்கரை, நீங்கள் எழுதிய 6 வேளையையும் கூட்டிப் பார்த்தேன். பாதித் தண்ணீர் கலந்த பால், நீர்க்கஞ்சி, இளநீர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 400 கலோரிதான் தேறும், புரதம் 10 கிராம் வந்தால் பெரிது. அவர் எடைக்கு 1400 முதல் 1700 கலோரியும், 55 முதல் 65 கிராம் புரதமும் வேண்டும். வியாதி இளைக்க வைக்கிறது என்று நினைத்திருப்பீர்கள், அவர் பட்டினியால் இளைக்கிறார். உங்கள் மேல் தப்பு இல்லை, யாரும் கணக்குச் சொல்லி அனுப்பவில்லை.

ஆனால் நாளைக்கே முழு அளவுக்குத் தாவாதீர்கள். இத்தனை வாரம் இவ்வளவு குறைவாகச் சாப்பிட்டவருக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் சட்டென்று இறங்கும், இதயத்துக்கே ஆபத்து. டாக்டரிடம் சொல்லி அவற்றைப் பரிசோதித்துவிட்டு, அவர் சொல்கிற வேகத்தில் படிப்படியாக ஏற்றுங்கள். இன்சுலின் அளவும் அதோடு மாற வேண்டியிருக்கும்.

இலக்கு இப்படி இருக்கலாம். மூன்று வேளைக்கு, வேளை ஒன்றுக்கு 30 கிராம் அரிசி, 20 கிராம் பாசிப்பருப்பு, குழைய வேகவைத்து 2 ஸ்பூன் எண்ணெய் விட்டு மிக்ஸியில் நன்றாக அடித்து மெல்லிய வடிகட்டியில் வடித்தால் 250 மில்லியில் 260 கலோரி வரும். இரண்டு வேளை தண்ணீர் கலக்காத பால் 250 மில்லி, அதில் 20 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர். நன்றாக அவித்த முட்டை இரண்டை மேலே சொன்ன கஞ்சியில் சேர்த்து அடித்துவிடுங்கள், பச்சை முட்டை வேண்டாம். ஒரு வேளை பால் விட்ட கேழ்வரகுக் கஞ்சி. மொத்தம் 1500 கலோரிக்கு மேல், புரதம் 65 கிராம் பக்கம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தக் கணக்கு மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்.

கெட்டியாகி அடைப்பதற்கு நம் வீட்டிலேயே மருந்து இருக்கிறது. கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, லேசாக வறுத்து அரைத்த மாவில் கஞ்சி காய்ச்சினால் நீர்க்க இருக்கும், சத்தும் குறையாது, முளைக்கும்போது மாவுப்பொருளை உடைக்கிற நொதி உண்டாவதுதான் காரணம். அரிசிப் பருப்புக் கஞ்சி கெட்டியாக இருந்தாலும், கை பொறுக்கிற சூட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்போது வறுக்காத முளைகட்டிய மாவு ஒரு ஸ்பூன் கலந்து 10 நிமிஷம் வையுங்கள், கண்ணெதிரே இளகும். பிறகு ஒரு கொதி விட்டு ஆறவைத்துக் கொடுங்கள். வறுத்த மாவில் அந்த நொதி பெரும்பாலும் போயிருக்கும், அதனால் இதற்கென்று கொஞ்சம் தனியாக எடுத்து வையுங்கள்.

காய்ச்சியதை நம் ஊர் வெயிலில் வெளியே வைக்காதீர்கள். அந்தந்த வேளைக்குச் செய்வது நல்லது, முடியாவிட்டால் உடனே ஃப்ரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். கடையில் விற்கிற குழாய் உணவுப் பவுடர் கைக்கு எளிது, விலைதான் அதிகம், வெளியே போகிற நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.


தெற்கு மாசி வீதி எழுதியது:

எங்கள் அம்மா கதை வேறு. 84 வயது, மறதி நோய் முற்றி, சாப்பாடு வாயில் இருந்தாலும் விழுங்க மறந்துவிடுகிற நிலை. நாங்கள் பெக் கேட்டுப் போனோம், டாக்டரே வேண்டாம் என்றார். இந்த நிலையில் குழாய் ஆயுளையும் கூட்டாது, புரையேறுவதையும் தடுக்காது என்று உட்கார வைத்து விளக்கினார். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கமும் 2014-ல் இதையே சொல்லி, கையால் ஊட்டுவதைத்தான் பரிந்துரைத்திருக்கிறது. அதன்படி பசை மாதிரி மசித்து, சின்ன ஸ்பூனில், அம்மா வாயைத் திறக்கிறவரை ஊட்டினோம், மூடிக்கொண்டால் நிறுத்தினோம். 7 மாசம் இருந்தார். இன்னும் ஒரு குழாய் போட்டுப் பார்த்திருக்கலாமோ என்று அண்ணன் இன்றைக்கும் கேட்பான், எனக்கு அந்தக் குழப்பம் இல்லை.

உங்கள் அப்பாவை இதோடு ஒப்பிட்டுவிடாதீர்கள், அவர் தேற வேண்டியவர், குழாய் அதற்கு உதவி. நான் எழுதுவது வேறு ஒன்றுக்காக. டாக்டர் சொன்னது, அத்தை சொன்னது எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். பேசினால் புரிகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்பாவிடம் கேட்டீர்களா? எங்கள் அம்மாவிடம் அதைக் கேட்கிற காலம் கடந்துபோயிருந்தது.


காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 9 நாள் கழித்து வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேட்கவில்லை. அந்த வரியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலை அப்பா தெளிவாக இருக்கிற நேரம் பார்த்து, வயிற்றின் படம் ஒன்று வரைந்து, இப்படி இப்படிச் செய்வார்கள், இதெல்லாம் கஷ்டம், விழுங்க வந்துவிட்டால் எடுத்துவிடுவார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு இடது கையால் மூக்குக் குழாயைத் தொட்டுக் காட்டி, தலையை 'வேண்டாம்' என்று ஆட்டினார். படத்தில் வயிற்றின் மேல் விரலை வைத்தார். இன்னொரு தடவை கேட்டேன், மறுபடி அங்கேயே வைத்தார். அதை வீடியோ எடுத்து அத்தைக்கு அனுப்பினேன். அத்தை அழுதார், ஆனால் 'அவனே சொல்றான்னா சரி' என்று சொல்லிவிட்டார். வருகிற வியாழக்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்கள், ரத்த மாத்திரையை என்ன செய்வது என்று நரம்பியல் டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

அக்கா, ஊற்றும் முறையை அன்று இரவே மாற்றினோம், மேலே ஏறி வருவது நின்றுவிட்டது, இருமல் எப்போதாவதுதான் வருகிறது. மதி அவர்களே, ரத்தப் பரிசோதனையில் பாஸ்பரஸ் கொஞ்சம் குறைவாக இருந்தது, மருந்து கொடுத்தார்கள், இப்போது 1100 கலோரிவரை ஏற்றியிருக்கிறோம். முளைகட்டிய மாவைக் கலந்ததும் கஞ்சி இளகியதைப் பார்த்து அம்மா பக்கத்து வீட்டுக்காரரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். ஐயா, நேற்று மதியம் கதவைத் திறந்து வைத்துவிட்டு, அப்பா கட்டில் பக்கத்திலேயே தட்டை வைத்துக்கொண்டு நாங்களும் சாப்பிட்டோம். அம்மாவுக்குத்தான் முதல் வாய் இறங்கவில்லை. அப்பா அவர் தட்டைக் காட்டி, சாப்பிடு என்று கையை அசைத்தார்.

பேச்சுப் பயிற்சியாளரும் வந்து பார்த்தார். இப்போதைக்கு வாயில் எதுவும் வேண்டாம், தினமும் நாக்குப் பயிற்சி மட்டும் செய்யுங்கள், மூன்று வாரம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம் என்றார்.

ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. பான்டோப்ரசோலுக்குப் பதில் வாயில் கரைகிற லான்சோப்ரசோல் எழுதியிருக்கிறார்கள். அதைத் தண்ணீரில் போட்டால் குட்டிக் குட்டி மணியாக நிற்கிறது, கரையவில்லை. அந்த மணிகளை நசுக்காமல் அப்படியே 14 அளவுக் குழாயில் விடலாமா, இல்லை வியாழக்கிழமைவரை நிறுத்தி வைக்கச் சொல்வார்களா? காலையில் டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்கத்தான் போகிறேன், அதற்கு முன் யாராவது கொடுத்துப் பார்த்திருந்தால் சொல்லுங்கள்.


பழைய வார்டு அக்கா எழுதியது:

நசுக்காதே அம்மா, அந்த மணி ஒவ்வொன்றிலும் பூச்சு இருக்கிறது. 10 மில்லி தண்ணீரில் கலந்து, சிரிஞ்சைக் குலுக்கிக்கொண்டே, அடியில் தங்கவிடாமல் உடனே விட வேண்டும். பின்னாலேயே சிரிஞ்சில் ஒட்டியிருப்பதைக் கழுவி இன்னொரு தடவை தண்ணீர் விடு. 14 அளவுக் குழாயில் போகும், சூடான தண்ணீர் மட்டும் வேண்டாம். டாக்டரைக் கேட்டுவிட்டே கொடு. வியாழக்கிழமை முடிந்ததும் ஒரு வரி எழுது.